டைல்ஸ் கடைசியில்தான்: குளியலறையை நானே புதுப்பித்த முறை

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், வாவிப் பக்கம். சுனாமிக்குப் பிறகு 2006இல் அவசரமாக எழுப்பியது. குளியலறை 5 அடிக்கு 7 அடி. குளித்து முடித்தால் தண்ணீர் மூலையில் இருக்கும் ஓட்டைக்குப் போகாமல் கதவடிக்கு வந்து நிற்கும். தும்புத்தடியால் தள்ளித் தள்ளியே பதினைந்து வருடம் ஓட்டினோம். கதவு நிலை உக்கி, கறையானும் ஏறிய பிறகுதான் கை வைத்தேன். நான் மேசன் இல்லை, கந்தோரில் வேலை. சனி, ஞாயிறு, லீவு நாட்கள் என்று ஆறு கிழமை எடுத்தது.

புதிதாகத் தொடங்குகிற எல்லாரும் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போவார்கள். நானும் போனேன். உண்மையில் டைலுக்கும், டைல் இடுக்கை நிரப்பும் கிறவுட்டுக்கும் தண்ணீரை மறிக்கத் தெரியாது. மறிப்பது அவற்றுக்குக் கீழே அடிக்கும் வோட்டர்ப்ரூப் பூச்சு. தண்ணீரை வெளியே அனுப்புவது தரையின் வாட்டம், அதாவது சரிவு. என் ஆறு கிழமையில் நான்கு இவற்றுக்கே போனது.

எப்போது தொடங்குவது

பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில். எங்கள் பக்கம் மணல் நிலம். மாரி தொடங்கினால் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், கார்த்திகையில் கிணற்றுக்குக் கயிறே தேவைப்படாது. அந்த நாட்களில் கழிவுநீர் நிலத்துக்குள் ஊறும் குழி (சோக்கேஜ் பிட்) நிரம்பி, தண்ணீர் வந்த வழியே திரும்பவும் பார்க்கும். தண்ணீர் ஊறி வழியும் சுவரில் பூச்சும் பிடிக்காது. கச்சான் காற்றுக் காலத்தில் வேறு தொல்லை: சீமெந்து காலையில் போட்டால் மத்தியானமே காய்ந்து வெடிக்கும். அதற்கு ஈரச் சாக்கு இருக்கிறது, சமாளிக்கலாம்.

வேலை நடக்கும் நாட்களில் குளிப்பது எங்கே என்று வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். எங்களுக்குக் கிணற்றடி இருந்தது. பிள்ளைகளுக்கு அது திருவிழா.

உடைப்பதற்கு முன்

பக்கத்து வீட்டு மாமா பழைய மேசன். வந்து எட்டிப் பார்த்தவர் சொன்னது: "டைல்ஸ ஒட்டினாப் பொறகு வாட்டம் பார்க்க ஏலா மகன். இப்பவே ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாரு." ஊற்றிப் பார்த்தேன். எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துப் படம் எடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது தாங்கியிலிருந்து வரும் கேட் வால்வ். அதை மூடி, குளியலறைப் பைப்பைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நான் மூடினேன், நின்றதா என்று பார்க்கவில்லை. உளி பட்டு அரை அங்குலக் குழாய் உடைந்தபோதுதான் வால்வ் துருப்பிடித்து இறுகிக் கிடப்பது தெரிந்தது. 500 லீற்றர் தாங்கி முழுவதும் நடு அறைக்குள் வந்தது. அன்று வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம். ஹீட்டர், எக்ஸோஸ்ட் ஃபேன் எதுவானாலும் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் அதில் துளை போடவோ உரசவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது.

கணக்கு

5 அடி, 7 அடி அறையின் சுற்றளவு 24 அடி. 7 அடி உயரத்துக்குச் சுவர் டைல் என்றால் 168 சதுர அடி. கதவைக் கழித்தால் ஏறக்குறைய 150. ஒரு அடிக்கு இரண்டு அடி டைல் 75 வேண்டும், வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து வீதம் கூட்டினால் 83. தரை 35 சதுர அடி, அதற்கு ஒரு அடிச் சதுர டைல் 39. தரைக்குப் பெரிய டைல் அழகுதான், ஆனால் வாட்டத்துக்கு வளையாது, கோணமாக வெட்ட வேண்டி வரும். முதல் முறை செய்கிறவருக்குச் சின்ன டைலே நல்லது. மேற்பரப்புச் சொரசொரப்பாக இருக்கட்டும்.

கொமட் வாங்கப் போகுமுன் சுவரிலிருந்து பழைய மலக்குழாயின் நடுப்பகுதி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழாய் தரைக்குள் போகிறதா சுவருக்குள் போகிறதா என்பதையும் குறியுங்கள். தரைக்கு எஸ் ட்ராப், சுவருக்கு பீ ட்ராப். மாற்றி வாங்கினால் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் போகும்.

உடைப்பது, குழாய் போடுவது

கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், காலுக்குச் சப்பாத்து. பழைய டைலை மேலிருந்து கீழே கழற்றுங்கள். குழாய் வாய்களில் துணி அடைத்துவிட்டு உடையுங்கள், கல் உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. சுவரின் சீமெந்துப் பூச்சைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் உடைத்து இறக்க வேண்டியதுதான்.

தண்ணீர் வரும் கோட்டுக்கு முக்கால் அங்குலம், பைப்புகளுக்குப் பிரியும் இடத்தில் அரை அங்குலம், கழிவுநீருக்கு 2 அங்குலம், கொமட்டுக்கு 4 அங்குலம். பீவீசீ குழாயை வெட்டிய பின் விளிம்பைத் தேய்த்து, துடைத்து, பசை பூசி, கால் சுற்றுத் திருப்பிச் செருகிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். சுவரை மூடுமுன் எல்லா வாயையும் அடைத்து, வால்வைத் திறந்து, ஒரு இரவு விடுங்கள். விடியும்போது மூட்டுகளை டிஷ்யூவால் துடைத்தால் சின்னக் கசிவும் தெரியும். தரை ஓட்டையில் வைக்கும் வடிகால் கிண்ணத்தைக் கல்லி என்பார்கள், தண்ணீர் தங்கும் வளைவு (ட்ராப்) உள்ளதாகவே வாங்குங்கள். அதில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தை மறிக்கிறது.

வாட்டம்

ஒரு அடிக்குக் கால் அங்குலம். 7 அடி நீளத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலம். ஒளி தெரியும் மெல்லிய குழாயில் தண்ணீர் நிரப்பி, அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பார்த்து நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளந்து, கதவடியில் உயரமாகவும் ஓட்டையடியில் தாழ்வாகவும் புள்ளி வைத்து நூல் கட்டுங்கள். டைல் ஒட்டிய பிறகும் குளியலறைத் தரை வெளி அறையைவிட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். அதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

சீமெந்து ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு. தண்ணீர் கொஞ்சமாக: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் வழியக் கூடாது. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணலில் உப்பு உண்டு, பிறகு டைல் இடுக்கால் வெள்ளையாகப் பூக்கும். நூலுக்குச் சரியாக நிரப்பி, நேரான பலகையால் இழுத்து, மறுநாளிலிருந்து ஒரு கிழமை ஈரச் சாக்குப் போடுங்கள். சீமெந்துக் கலவை கையைப் புண்ணாக்கும், றப்பர் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

வோட்டர்ப்ரூப்

அவசரப்பட்டால் முழு வேலையும் வீணாகும் இடம் இது. தூசி தட்டி, கழுவி, தரை ஈரமாக இருந்தாலும் தண்ணீர் தேங்காத நிலையில் முதல் பூச்சு. தரையும் சுவரும் சேரும் மூலை, கல்லியைச் சுற்றி, குழாய் வெளியே வரும் இடம் எல்லாவற்றிலும் வலைத் துணி வைத்து அதன் மேல் பூசுங்கள். கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்கும். முதல் பூச்சு நெடுக்காக என்றால் இரண்டாவது குறுக்காக. ஷவர் பக்கச் சுவரில் 6 அடி உயரம், மற்றச் சுவர்களில் ஒரு அடி. இரண்டு பூச்சுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது பையிலேயே எழுதியிருக்கும், அதைக் கேளுங்கள்.

காய்ந்ததும் கல்லியை அடைத்து, கதவடியில் சின்ன வரம்பு கட்டி, 2 அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்தில் ஒரு பேசினிலும் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து அதையும் குறியுங்கள். வெயிலும் காற்றும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குடிக்கும். 24 மணித்தியாலம் கழித்து பேசினைவிடத் தரையில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. எனக்கு முதல் முறை அரை அங்குலம் குறைந்தது. கல்லியின் விளிம்பில் வலைத் துணி சுருங்கியிருந்தது. திரும்பப் பூசினேன், இரண்டாம் முறை நின்றது.

டைல் ஒட்டுவது

முதலில் சுவர், அதுவும் இரண்டாவது வரிசையிலிருந்து. கீழ் வரிசை உயரத்துக்கு மட்டமாக ஒரு பலகையை நிறுத்தி, அதன் மேல் முதல் டைலை வைத்துத் தொடங்குங்கள். பலகைக்கு ஆணி அடித்தால் பூசிய இடம் ஓட்டையாகும், கீழே கல் கொடுத்துத் தாங்குவது நல்லது. தரை முடிந்த பிறகு கீழ் வரிசையை வெட்டி வைத்தால் தரையின் வாட்டத்துக்குப் பொருந்தும்.

டைல் பசை பாவித்தால் டைலைத் தண்ணீரில் ஊற வைக்கத் தேவையில்லை. பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கீறி இழுங்கள். முதல் டைலை ஒட்டிய கையோடு கழற்றி முதுகைப் பாருங்கள், பசை படாத இடம் இருந்தால் இன்னும் போட வேண்டும். இடைவெளிக்கு 2 மில்லிமீற்றர் ஸ்பேசர். கிரைண்டரால் வெட்டும்போது தண்ணீர் ஊற்றி, வெளியே வைத்து வெட்டுங்கள்.

மறுநாள் கிறவுட். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, வெள்ளைக் கிறவுட் ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறம் எடுங்கள். மூலைகளுக்குக் கிறவுட் வேண்டாம், அங்கே சிலிக்கன். பைப், டவல் கம்பி வாங்கும்போது கடல் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மினுக்கம் பூசிய மலிவுச் சாமான் இரண்டு மாரி தாங்காது. பித்தளை, அல்லது 316 தரத்து ஸ்டெயின்லெஸ்.

கொமட்டை இருத்தி, அடியைச் சிலிக்கனால் அடைத்து, ஒரு நாள் விடுங்கள். நான் கதவில் கயிறு கட்டியும் பெரியவன் உள்ளே போக வாளியோடு நின்றான். இன்னும் ஒரு நாள் கிணற்றடி என்று திருப்பி அனுப்பினேன்.