‘பவர் சேவர்’ பெட்டி வேலை செய்கிறதா? உங்கள் இ.பி. மீட்டரே சொல்லிவிடும்

சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, முன்னால் ஒரு பச்சை விளக்கு. பிளக்கில் செருகிவிட்டு மறந்துவிடுங்கள், கரண்ட் பில் 30 சதவீதம் குறையும் என்பார்கள். தீவுத்திடல் பொருட்காட்சிக் கடையிலும் பார்த்திருப்பீர்கள், போனில் ஓயாமல் வரும் விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள்.

வீட்டு இணைப்பில் இது பில்லைக் குறைக்காது. என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் உள்ள போன், உதவிக்கு வீட்டில் ஒருவர், அந்தப் பெட்டி இவ்வளவு போதும். பெட்டியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். உங்கள் அபார்ட்மென்ட்டில் யாராவது ஒருவர் வீட்டில் கட்டாயம் சும்மா கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

படி 1: உங்கள் மீட்டர் எது?

அடுக்குமாடி என்றால் எல்லா வீட்டு மீட்டரும் கீழே ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். பில்லில் உள்ள சர்வீஸ் நம்பரை வைத்து உங்களுடையதைத் தேடுங்கள். மேலே இருப்பவரை ஒரு நிமிடம் மெயினை அணைக்கச் சொன்னால் சந்தேகமே இருக்காது: எந்த மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குவது நிற்கிறதோ, அதுதான். மீட்டரைக் கண்ணால் மட்டும் பாருங்கள். மூடியிலும் சீலிலும் கை வைக்க வேண்டாம்.

அந்தச் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் 3200 அல்லது 1600 போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், விளக்கு 3200 முறை மினுக்கினால் 1 யூனிட். சோதனைக்கு இந்த ஓர் எண் போதும்.

படி 2: லோடை அசையாமல் நிறுத்துங்கள்

பலர் சொதப்புவது இங்கேதான். ஃப்ரிட்ஜ், ஏசி, கீசர், யுபிஎஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை தாமாகவே ஓடி, தாமாகவே நிற்பவை. நடுவில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் நின்றால், அந்தப் புண்ணியம் பெட்டிக்குப் போய்விடும்.

மூன்று மின்விசிறிகளை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். விசிறிக்குள் இருப்பதும் மோட்டார்தான். ‘மோட்டார் ஓடும்போதுதான் எங்கள் பெட்டி வேலை செய்யும்’ என்று விற்பவர் சொல்வதால், அவருக்கும் நியாயம் செய்ததாக இருக்கும். தனி வீட்டில் சம்ப் மோட்டார் இருந்தால் இன்னும் நல்லது. 5 நிமிடம் ஓடட்டும்.

படி 3: எண்ணுங்கள்

ஒரு மினுக்கலில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, அடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று 20 வரை எண்ணி நிறுத்துங்கள். 3200 மீட்டரில் 22,500-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டருக்கு 45,000-ஐ வகுக்க வேண்டும்.

75 வாட் விசிறிகள் மூன்று என்றால் 225 வாட். 3200 மீட்டரில் 20 மினுக்கலுக்கு 100 வினாடி ஆகும்.

படி 4: பெட்டியைச் செருகி மறுபடி எண்ணுங்கள்

நிஜமாகவே 30 சதவீதம் மிச்சமானால் 225 வாட் ஏறக்குறைய 158 ஆக வேண்டும். அதாவது 100 வினாடி 143 ஆக நீள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாலும் தப்ப முடியாத வித்தியாசம். நீளாது. ஓரிரு வினாடி முன்பின் இருந்தால் அது வோல்டேஜ் ஏறி இறங்குவதால் வருவது. அதற்காகத்தான் பெட்டி இல்லாமல், பெட்டியோடு, மறுபடி இல்லாமல், மறுபடி பெட்டியோடு என்று மாற்றி மாற்றி எண்ணச் சொல்கிறேன்.

அப்படியானால் கடைக்காரர் காட்டியது?

அவர் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கருவி) வயரில் மாட்டி, பெட்டியைச் செருகியதும் ஆம்பியர் குறைவதைக் காட்டியிருப்பார். அது பொய் இல்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பாகம். மோட்டார் தன் காந்தப்புலத்துக்காகக் கொஞ்சம் மின்சாரத்தை லைனிலிருந்து வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அவை இரண்டுக்குள் முடிந்துவிடும். அதனால் லைனில் ஆம்பியர் குறையும். ஆனால் திருப்பிக் கொடுத்ததை வீட்டு மீட்டர் யூனிட்டில் சேர்ப்பதே இல்லை. வராத செலவில் என்ன மிச்சம் பிடிக்க முடியும்?

அம்பத்தூரில் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைக்குக் கதை வேறு. பவர் ஃபேக்டர் (லைனிலிருந்து வாங்குவதில் நிஜமாக வேலைக்குப் போகும் பங்கு) 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் விழும். அங்கே கெப்பாசிட்டர் வைத்தால் நிஜமாகவே பணம் மிச்சம். வீட்டு இணைப்புக்கு அந்தக் கட்டணமே கிடையாது.

படி 5: ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

‘எங்கள் வீட்டில் குறைந்ததே’ என்பவர்களும் பொய் சொல்லவில்லை. கோடை பில்லைப் பார்த்து மிரண்டு பெட்டி வாங்குகிறோம். அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் நாலு மழை பெய்து ஏசி ஓய்ந்திருக்கும்.

இதில் ஸ்லாப் வேறு விளையாடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், 510 என்றால் 2,030 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான சலுகை ரேட் போய்விடும். பத்தே யூனிட்டில் 305 ரூபாய்! அதன் பிறகு ரேட் ஏறியிருக்கிறது, ஆனால் பாடம் இதுதான்: வானிலை புண்ணியத்தில் பத்து யூனிட் குறைந்தாலும் பெட்டிக்குத்தான் பேர் கிடைக்கும். ஒப்பிடுவதானால் போன வருடம் இதே இரண்டு மாத யூனிட்டோடு ஒப்பிடுங்கள்.

எங்கே குறைக்கலாம்?

படி 3-இல் கற்றதை வைத்து ஒவ்வொரு பொருளாக அளந்து பாருங்கள், திருடன் தானே சிக்குவான். 2,000 வாட் கீசர் அரை மணி ஓடினால் 1 யூனிட். தினமும் 15 மணி நேரம் ஓடும் 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) மாட்டினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். ஏசியை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் அதன் செலவில் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய எரிசக்தி திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படி வருவதும் அதனால்தான்.

பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஒன்றை ராப்பகலாகச் செருகி வைத்திருப்பது நல்லதல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கிலிருந்து பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், ஷாக் அடிக்கும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.