அலசாமலே தலைக்குக் குளிக்கலாம்: விண்வெளி நிலையத்து முறை

இடுப்பெலும்பு முறிந்து அம்மா வாரக்கணக்கில் படுக்கையில் இருந்தார். உடம்பைத் துடைத்துவிட முடிந்தது, தலைதான் பெரும்பாடு. "அரிக்குதுப்பா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் மனசு கேட்காது. அப்போதுதான் கேரன் நைபெர்க் நினைவுக்கு வந்தார். 2013-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, தன் நீளமான கூந்தலைக் கழுவுவது எப்படி என்று வீடியோவில் செய்து காட்டிய நாசா வீராங்கனை. அங்கே ஷவர் கிடையாது. அவர்கள் பயன்படுத்தும் அலச வேண்டாத ஷாம்பூவே முதலில் குளிக்க முடியாத நோயாளிகளுக்காக வந்ததுதான்.

தேவையானவை: அந்த ஷாம்பூ, வெதுவெதுப்பான தண்ணீர், உலர்ந்த துண்டு மூன்று, அகலப் பல் சீப்பு. தண்ணீருக்கு ஸ்ப்ரே பாட்டில் வேண்டாம், முடியின் மேல்பக்கம் மட்டும்தான் நனையும். பிதுக்கினால் மெல்லிசாக வரும் கூர்வாய் பாட்டில்தான் சரி.

முதலில் வகிடு பிரித்து, பாட்டிலின் வாயை மண்டையில் ஒட்டவைத்துக் கொஞ்சமாகப் பிதுக்குங்கள். எடையற்ற இடத்தில் தண்ணீர் வழியாது, முடியோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். கூடினால் உருண்டையாகக் கழன்று மிதந்துவிடும். நமக்கோ கழுத்து வழியாக இறங்கித் தலையணை நனையும். அதனால் அடியில் ஒரு துண்டை விரித்துவிடுங்கள். விரலால் வேர்க்கால் வரை பரப்பிவிட்டு, ஷாம்பூ போட்டு நன்றாகத் தேயுங்கள்.

அடுத்ததுதான் நான் கோட்டைவிட்ட இடம். முதல் தடவை, ஈரம் போனால் போதும் என்று துண்டால் ஒற்றி எடுத்தேன். காய்ந்ததும் தலை முழுக்கப் பிசுபிசுப்பு, அரிப்பும் போகவில்லை. பிறகுதான் புரிந்தது: ஷாம்பூ அழுக்கை இளக்கி மட்டும்தான் விடுகிறது, வெளியே கொண்டுபோவது துண்டுதான். வழக்கமாக அலசும் தண்ணீர் செய்கிற வேலை அது. ஆகவே துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, கொத்துக் கொத்தாக முடியைப் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை அழுத்தி இழுங்கள். அம்மாவுக்குச் செய்தபோது வெள்ளைத் துண்டில் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்தன. கோடு விழுவது நிற்கும்வரை துண்டின் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கெட்டியான பருத்தித் துண்டே என் தேர்வு.

அப்புறம் இன்னொரு முறை கொஞ்சம் தண்ணீர், புதுத் துண்டு, சீப்பு. தானாகக் காயட்டும். விண்வெளி நிலையத்தில் அப்படிக் காயும் ஈரத்தைக்கூட விடுவதில்லை: காற்றிலிருந்து பிரித்துச் சுத்திகரித்துக் குடிநீராக்கிவிடுகிறார்கள்.

பின்சேர்க்கை: சாதாரண ஷாம்பூவையே துளியூண்டு போட்டால் ஆகாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகாது. அந்த நுரை தண்ணீரில் அலசினால்தான் போகும், தங்கிவிட்டால் அரிப்பு கூடும். தலையில் தையலோ புண்ணோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.