வசனம் மனதில் தங்க, முணுமுணுங்கள்

பைபிளில் உள்ள நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்று பலர் வாசிப்பார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் வேகமாக வாசித்தால் மதியத்துக்குள் மறந்துவிடும். அதனால் அன்றைய அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருங்கள். சங்கீதம் 1:2-ல் 'தியானம்' என்று வருகிற இடத்தில் எபிரெயச் சொல் 'ஹாகா'. முணுமுணுப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. ஏசாயா 38:14-ல் புறாவின் புலம்பலுக்கும் இதே சொல்தான், எவ்வளவு அழகு!

15-ம் தேதி என்றால், 15-ம் அதிகாரத்திலிருந்து "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்." அதாவது, சாந்தமான பதில் கோபத்தைத் தணிக்கும். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது நாலு தடவை சொல்லுங்கள். அப்புறம் ராத்திரி படுக்குமுன், பார்க்காமல் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பாருங்கள். வார்த்தை ஏதாவது விட்டுப்போயிருந்தால், மறுநாள் காலையில் அதே வசனத்தையே எடுங்கள்.