தாத்தாவா, தாத்தாவின் தம்பியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் பாதியில் நிறுத்தி, "இது யாரைச் சொல்லுது?" என்று கேட்டார்கள். இத்தனைக்கும் கடினமான சொல் ஒன்றும் இல்லை. பெரட்டும் (காலையில் ஆள் கணக்கெடுப்பு) லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒட்டுப்பாலும் (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) இங்கே யாருக்குத் தெரியாது?

வாக்கியங்களைச் சின்னதாக வெட்டிப் பார்த்தேன். தந்தி மாதிரி ஆனதே தவிர குழப்பம் போகவில்லை. சரி என்று காற்புள்ளி போட்டேன், கண்ணால் படிப்பவருக்குக் கொஞ்சம் உதவியது, ஆனால் செயலாளர் அண்ணன் சத்தமாக வாசித்தபோது அதே இடத்தில்தான் தடுமாறினார்.

அந்த இடம் இது: 'பால்மரம் வெட்டிய தாத்தாவின் தம்பி, தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார்.' துண்டாடல் என்றால் பெரிய தோட்டங்களைப் பிரித்து விற்றது; அதில் குழப்பம் இல்லை. ஆனால் மரம் வெட்டியது, அதாவது பால் எடுக்க ரப்பர் மரத்தைக் கீறியது, யார்? 'வெட்டிய' என்ற பெயரெச்சம் பக்கத்தில் இருக்கும் தாத்தாவையும் பிடிக்கும், அவரைத் தாண்டித் தம்பியையும் பிடிக்கும். எழுதுபவருக்கு விடை முன்பே தெரியும் என்பதால் கண்ணில் படாது.

'தாத்தாவின் தம்பி பால்மரம் வெட்டியவர். தோட்டத் துண்டாடல் காலத்தில்...' என்று ஆளை முன்னால் கொண்டுவந்ததும் தீர்ந்தது. அப்புறம் கணினியில் 'வின்', 'யின்' என்று தேடி, அதற்கு முன்னால் பெயரெச்சம் நின்ற இடங்களை மட்டும் இப்படியே மாற்றினேன். நீள வாக்கியங்களைத் தொடவே இல்லை, அவற்றைப் பற்றி இப்போது யாரும் கேட்பதும் இல்லை.