ஊரடங்கில் தோழியோடு சேர்ந்து: ஒரு தொட்டி வெந்தயக்கீரை, ஒரு கரித்துணி

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது எழுதியது இது. அந்த ஆண்டு மார்ச் 25இலிருந்து ஊரடங்கில் இருந்தோம். மே 5 அன்று சென்னையின் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போய்விட்டது. எங்கள் பகுதியில் கீரைக்கட்டு கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. வெளியே போவதும் நாலு பேர் வீட்டுக்கு வந்து போவதும் நின்றுவிட்டதால், பலரும் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். பாதிப் பேர் பத்து நாளில் விட்டும் விட்டார்கள். கை வரவில்லை என்பது இதற்குக் காரணமில்லை, கேட்க ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "உன் தொட்டில முளைச்சிடுச்சா?" என்று காலையில் ஒருத்தி கேட்டால் தண்ணீர் தெளிக்க மறக்காது.

அதனால் இந்தச் செய்முறையை இரண்டு பேருக்காக எழுதினேன். நீங்களும், வேறு வீட்டில் இருக்கும் ஒரு தோழியும். கீழ் வீட்டு அக்காவாக இருக்கலாம், கல்லூரியில் கூடப் படித்தவராகவும் இருக்கலாம். இருவரும் ஒரே நாளில் வெந்தயம் விதைத்து, ஒரே நாளில் நிட்டிங் ஊசியைக் கையில் எடுக்கிறீர்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கீரையும் தயார், பின்னிய கரித்துணியும் தயார்.

வெந்தயத்தைச் சொல்வதற்குக் காரணம், அது எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது. விதைக்கென்று கடை தேட வேண்டாம். கரித்துணிக்கு ஒரே ஒரு வகைப் பின்னல் தெரிந்தால் போதும். அடுப்பிலிருந்து தினமும் பாத்திரம் இறக்கப் பயன்படும்.

முந்தைய நாள் இரவு

இரண்டு கைப்பிடி வெந்தயத்தைக் கழுவி ஊற வையுங்கள். தோழியையும் அப்போதே ஊற வைக்கச் சொல்லுங்கள். ஊறும் நேரத்தில் தொட்டியைத் தயார் செய்யலாம். ஆழம் ஆறு அங்குலம் போதும். பழைய வாளி, பெயின்ட் டப்பா, மடித்து விட்ட அரிசிப் பை, எது இருந்தாலும் சரி. அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வெந்தயம் வேர் அழுகிவிடும். ஓட்டைகளின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டையோ தேங்காய்ச் சிரட்டைத் துண்டையோ கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு கிடைத்தால் மணலுக்குப் பதில் அதைச் சேருங்கள். தொட்டி எடை குறையும், ஈரமும் நிற்கும். ஈர மண் நன்றாகக் கனக்கும் என்பதால் மாடியில் வைப்பவர்கள் தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்று போகும், தளத்தில் ஈரம் தங்காது. அடுக்குமாடி என்றால் மொட்டை மாடியில் வைப்பதற்கு முன் அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விதைக்கும் நாள்

காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, வெந்தயத்தை மண் மேல் நெருக்கமாகத் தூவுங்கள். விதையோடு விதை ஒட்டாமல் இருந்தால் போதும். மேலே அரை அங்குலத்துக்கும் குறைவாக மண் தூவி, கையால் லேசாக அழுத்தி, தண்ணீரைத் தெளியுங்கள். ஊற்றாதீர்கள். குவளையிலிருந்து சரித்து ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மேலே ஈரமான பழைய பருத்தித் துணியைப் போர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை தெரியும். தெரிந்த அன்றே துணியை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தண்டு வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

மே மாதம் கத்திரி வெயில் காலம். வெந்தயத்துக்குக் கடும் வெயில் பிடிக்காது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படட்டும், பதினோரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். துணி காயப்போடும் கொடியில் பழைய வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டாலே நிழல் கிடைத்துவிடும். காலையும் மாலையும் விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம்.

வெயிலின் காரணமாகவே இந்த மாதத்தில் பெரிய கீரையாக வளரும் வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன். முழு வளர்ச்சிக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வெயிலில் இலை மஞ்சளாகிக் கசப்பு ஏறிவிடும். இரண்டு வாரத்தில் விரல் நீளத்தில் இளசாக அறுப்பதுதான் மே மாதத்துக்குச் சரி.

பின்னல்: ஒரே ஓர் அசைவு

நிட்டிங் என்றாலே ஸ்வெட்டர், ஊட்டி, குளிர் என்று நினைக்கிறோம். சென்னை வீட்டுக்கு ஏற்றது பருத்தி நூல். கரித்துணிக்குப் பருத்தியைத் தவிர வேறு நூல் வேண்டவே வேண்டாம். கடையில் 'உல்லன்' என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக், சூடான பாத்திரம் பட்டால் உருகும். கையில் அதுதான் இருக்கிறதென்றால் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பருகே கொண்டு போகாதீர்கள்.

ஊசி 4 மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது. நம் ஊர்க் கடைகளில் பழைய கணக்குப்படி அது 8ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், இதை நினைவில் வையுங்கள். ஊசியே இல்லையா? புது பென்சில் இரண்டை எடுத்துச் சீவி, கரிமுனையைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் நூல் கறுக்கும். மறுமுனையில் ரப்பர் பேண்டைத் தடிமனாகச் சுற்றிவிட்டால் கண்ணிகள் (ஊசியில் ஏறும் நூல் வளையங்கள்) கழன்று விழாது. பென்சில் தடிமனுக்கு நூலை இரட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த அசைவு. நூலின் முனையில் ஒரு சாண் விட்டு, இழுத்தால் இறுகும் சுருக்குக் கண்ணி ஒன்று போட்டு, இடது கை ஊசியில் மாட்டுங்கள். உருண்டையிலிருந்து வரும் நூல் பின்பக்கம் இருக்கட்டும்.

வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்பக்கம் இடமிருந்து வலமாக நுழைத்துப் பின்னால் தள்ளுங்கள். இப்போது இரண்டு ஊசியும் குறுக்காக நிற்கும், வலது ஊசி பின்னால். பின்னால் இருக்கும் நூலை எடுத்து வலது ஊசியின் முனையை இடப்பக்கமாகச் சுற்றி, இரண்டு ஊசிக்கும் நடுவில் முன்னால் கொண்டு வாருங்கள். நூலை லேசாகப் பிடித்தபடி, வலது ஊசியை மெதுவாகக் கீழே இறக்கி, சுற்றிய நூலோடு கண்ணிக்குள்ளிருந்து முன்பக்கம் வெளியே எடுங்கள். வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி இருக்கும்.

நுழை, சுற்று, இழு. இவ்வளவுதான் நிட்டிங். இந்தப் புதுக் கண்ணியை என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

தொடக்கத்தில் அதை இடது ஊசிக்கே மாற்றி மாட்டுங்கள். இப்போது இடது ஊசியில் இரண்டு கண்ணி. அந்தப் புதுக் கண்ணிக்குள் மறுபடி நுழை, சுற்று, இழு, மாட்டு. இப்படியே 40 கண்ணி வரும் வரை. இறுக்கமாக இழுக்காதீர்கள், கண்ணி ஊசியில் நகர வேண்டும். ஊசி கீச்சென்று உரசினால் இறுக்கம் அதிகம்.

நாற்பது சேர்ந்ததும் முதல் வரிசை. அதே நுழை, சுற்று, இழு. ஆனால் இம்முறை புதுக் கண்ணி வலது ஊசியிலேயே இருக்கட்டும், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். நழுவ விடும்போது மனம் பதறும். பயப்பட வேண்டாம், புதுக் கண்ணி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பதும் வலது ஊசிக்குப் போனதும் ஊசிகளைக் கை மாற்றுங்கள். நிறைந்த ஊசி மறுபடி இடது கைக்கு வரும். அடுத்த வரிசையும் இதே அசைவுதான்.

இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும், வயல் வரப்பு மாதிரி. கணக்கு வைக்க அந்த வரப்புகளை எண்ணினால் போதும். இந்தப் பின்னலில் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது: எத்தனை கண்ணியோ அத்தனை வரப்பு வந்ததும் துணி சதுரமாகிவிடும். 40 கண்ணிக்கு 40 வரப்பு. தினம் நாலு வரப்பு போட்டால் பத்து நாள். பென்சில்காரர்கள் 24 கண்ணி வைத்துக்கொள்ளுங்கள், 24 வரப்பில் முடியும். சந்தேகம் வந்தால் மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள், ஓரங்கள் பொருந்தினால் சதுரம்.

வீடியோவில் ஒருவருக்கொருவர் காட்டும்போது

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தோழி எதிரே உட்கார்ந்து காட்டினால் அவளுடைய வலது கை உங்களுக்கு இடப்பக்கம் தெரியும். பின்னல் தலைகீழாகப் புரியும். அதற்குப் போனின் பின்பக்கக் கேமராவைத் தோளுக்கு மேலிருந்து கையைப் பார்க்கும்படி வையுங்கள். நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, அதன் மேல் நாலு டப்பா அடுக்கிப் போனைச் சாய்த்தால் போதும். அப்போது அவளுடைய கை உங்கள் கை இருக்கும் பக்கமாகவே தெரியும். நூல் அடர்நிறமாக இருந்தால் கேமராவில் கண்ணி தெரியாது, வெளிர் நிறமாக எடுங்கள்.

பின்னத் தெரிந்த பிறகு முகம் பார்த்துப் பேசலாம், கை தானாக ஓடும். மாலை நாலரை மணி என்று ஒரு நேரம் வைத்துக்கொள்வது நல்லது. "இதோ தண்ணி தெளிச்சிட்டு வர்றேன்க்கா" என்று போனோடு மாடிக்குப் போய்த் தொட்டியைக் காட்டுவது, அப்புறம் உட்கார்ந்து நாலு வரப்பு. வீட்டிலேயே அடைந்து கிடக்கும் நாட்களில் 'என்ன விசேஷம்' என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. நேற்று வளைந்து நின்ற முளை இன்று நிமிர்ந்துவிட்டது என்பது சொல்லத் தகுந்த விஷயம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் இந்த மாலை அழைப்பை விடவே விடாதீர்கள்.

ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பால்கனியிலிருந்து கயிற்றில் ஒயர் கூடையைக் கட்டி இறக்கினால் நூல், ஊசி, மண்புழு உரம் எல்லாம் கை மாறும். எடுத்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். மொட்டை மாடியில் பார்த்துக்கொண்டால் அந்த நாட்களில் முகக்கவசமும் ஆறடி இடைவெளியும் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு மூலையில் தொட்டி வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி தானாகவே வந்துவிடும்.

இடையில் வரும் சிக்கல்கள்

கண்ணி 40லிருந்து 41, 42 என்று கூடுகிறதா? வரிசையின் முதல் கண்ணியில்தான் கோளாறு. நூல் ஊசியின் மேலே ஏறிப் பின்னால் போயிருந்தால் முதல் கண்ணி இரண்டாகத் தெரியும். அதையும் சேர்த்துப் பின்னிவிடுவோம். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் நூல் ஊசிக்கு அடியில் பின்னால் போகிறதா என்று பாருங்கள். குறைகிறது என்றால் எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. ஊக்கை மாட்டி அதை முதலில் பிடித்து நிறுத்திவிட்டு, அப்புறம் போன் போட்டுத் தோழியைக் கூப்பிடுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிவிடுவது நல்லது.

தொட்டியில் முளைகள் கூட்டமாகச் சாய்ந்து அடித்தண்டு கறுத்தால் தண்ணீர் அதிகம். அந்த இடத்தை மட்டும் பிடுங்கிவிட்டு ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்துங்கள். அசுவினி (தளிரில் மொய்க்கும் சிறு பூச்சி) வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். அறுக்க இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் மருந்து எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரைப் பீய்ச்சினாலே பூச்சி உதிரும். புறாத் தொல்லைக்குத் தொட்டி மேல் பழைய கொசுவலைத் துண்டு.

முடித்தலும் அறுவடையும்

நாற்பதாவது வரப்பு வந்ததும் கண்ணிகளை மூட வேண்டும். வழக்கம்போல் இரண்டு கண்ணி பின்னுங்கள். வலது ஊசியில் இருக்கும் அந்த இரண்டில், முதலில் பின்னியதை இடது ஊசி முனையால் தூக்கி, இரண்டாவதின் தலைக்கு மேலாகத் தாண்டி விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி மறுபடி தாண்ட விடுங்கள். கடைசியில் மிஞ்சும் ஒற்றைக் கண்ணிக்குள், ஒரு சாண் விட்டு வெட்டிய நூலை நுழைத்து இழுத்தால் முடிச்சாகிவிடும். தொங்கும் நூல்களைக் கோணி ஊசியால் ஓரத்துக்குள் கோத்து மறையுங்கள். பாத்திரம் பிடிக்கும்போது இரண்டாக மடித்துப் பிடியுங்கள், ஒற்றையாக இருந்தால் கண்ணி இடுக்கில் சூடு ஏறும். ஈரத்துணியால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது.

கீரையைக் காலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன் கத்தரிக்கோலால் மண்ணுக்குச் சற்று மேலே அறுங்கள். ஒரு வாளித் தொட்டியில் பெரிய கூட்டு வைக்கும் அளவுக்குக் கீரை வராது. பருப்பு வேகும்போது கடைசி இரண்டு நிமிடம் போட்டு இறக்கவோ, தோசை மாவில் கலக்கவோ சரியாக இருக்கும். இளங்கீரையில் கசப்பு குறைவு என்பதால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

அறுத்த மண்ணை வீணாக்க வேண்டாம். வேர்களோடு கிளறி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் சேர்த்து, மூன்று நாள் ஆறவிட்டு மறுபடி விதைக்கலாம். இரண்டாவது சுற்றுக்கு என் விருப்பம் பொன்னாங்கண்ணி. கட்டு கிடைக்கும் நாளில் இலையை ஆய்ந்தபின் தண்டைத் தூக்கி எறியாமல், விரல் நீளத்துக்கு வெட்டி இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வேர் பிடித்துவிடும், இந்த வெயிலையும் தாங்கும். உங்களுக்குக் கட்டு கிடைத்து தோழிக்குக் கிடைக்கவில்லை என்றால் பாதித் தண்டை ஈரத் துணியில் சுற்றிக் கூடையில் இறக்கிவிடுங்கள். அவளும் அன்றே ஊன்றட்டும்.