பழைய கெர்னலில் புதிய யூடெவ்: லாகின் வராமல் நிற்கும் போர்டைச் சரிசெய்வது எப்படி?

பழைய ஏஆர்எம் போர்டு (கைக்கடக்கமான சிறு கணினி) ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸைப் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்கிறீர்கள். சீரியல் கன்சோலில், அதாவது சீரியல் போர்ட் வழியாகப் பார்க்கும் திரையில், ‘டெவ்-டிடிஒய்ஏஎம்ஏ0’ என்ற அந்தப் போர்ட்டுக்காகப் போர்டு ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறது. அப்புறமும் லாகின் வருவதில்லை. மெமரி கார்டு போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழசாகவும் யூடெவ் புதுசாகவும் இருந்தால் இப்படி ஆகலாம்.

சாதனம் ஒன்று வந்ததும் கெர்னல் தகவல் அனுப்பும். அதைக் கேட்டு, சாதனத்துக்குப் பெயரும் அனுமதியும் கொடுத்து, ‘தயார்’ என்று சிஸ்டம்டிக்கு (பூட் ஆகும்போது மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் நிரல்) சொல்வது யூடெவ். அதன் பதிப்பு ஏற ஏற, கெர்னலிடம் எதிர்பார்க்கும் வசதிகளும் கூடிக்கொண்டே போகும்.

படி 1: இரண்டு எண்களையும் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் வேறொரு கணினியிலிருந்து, உள்ளே போக முடிந்தால் ‘யூநேம் -ஆர்’ கெர்னல் எண்ணைக் காட்டும், ‘யூடெவ்ஏடிஎம் --வெர்ஷன்’ யூடெவ் எண்ணைக் காட்டும். 182-க்கு மேல் இருந்தால் அது சிஸ்டம்டியின் எண்ணேதான்; 2012-இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பதிப்பின் ரீட்மி கோப்பிலேயே குறைந்தபட்சக் கெர்னல் எது என்று எழுதியிருக்கும்.

படி 2: எண் சரியாக இருக்கிறதே என்று நின்றுவிடாதீர்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே எண்ணுள்ள இரண்டு கெர்னல்களை வேறு வேறு வசதிகளோடு கட்ட முடியும். போர்டு தயாரிப்பாளர்கள் தரும் கெர்னல்களில் இது சர்வசாதாரணம். பூட் ஃபோல்டரில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பைத் திறங்கள். அது இல்லையென்றால் ப்ராக் ஃபோல்டரில் கான்ஃபிக்.ஜிஇசட் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயே போக முடியாதவர்கள் கார்டை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, கார்டில் உள்ள பூட் ஃபோல்டரைப் பார்க்கலாம். யூடெவுக்குத் தேவையான கெர்னல் வசதிகளான டெவ்டிஎம்பிஎஃப்எஸ், ஐநோட்டிஃபை_யூசர், சிக்னல்எஃப்டி, எஃப்ஹேண்டில் நான்கும் ‘ஒய்’ (உண்டு) என்று இருக்க வேண்டும். சிஸ்எஃப்எஸ்_டெப்ரிகேட்டட் என்ற பழைய வசதி அணைந்திருக்க வேண்டும். மேலே சொன்ன லாகின் கோளாறுக்குப் பெயர்பெற்ற காரணம் எஃப்ஹேண்டில் இல்லாததுதான்: சீரியல் போர்ட் வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் அது தயார் என்ற சேதி சிஸ்டம்டிக்குப் போய்ச் சேராது.

படி 3: விடுபட்டதைச் சேர்த்துக் கெர்னலை மறுபடி கட்டுங்கள். மூலநிரல் கிடைக்கவில்லை, மெயின்லைன் கெர்னலும் (லினக்ஸ் திட்டமே வெளியிடும் பொதுக் கெர்னல்) அந்தப் போர்டை ஆதரிக்கவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். பழைய டெபியனுக்கே திரும்புங்கள்.

படி 4: இனிமேல் புதுப்பிக்கும்போது முதலில் கெர்னல், அப்புறம் யூடெவ். 2011-இல் டெபியனின் லென்னி பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பான ஸ்க்வீஸுக்கு மாறியவர்களுக்கு இந்த வரிசை கட்டாயமாகவே இருந்தது. லென்னியின் 2.6.26 கெர்னலில் சிஸ்எஃப்எஸ்_டெப்ரிகேட்டட் இயங்கிக்கொண்டிருந்தது, புது யூடெவுக்கு அது ஆகாது. அதனால் கெர்னலை ஏற்றி, கையோடு யூடெவையும் ஏற்றி, உடனே ரீபூட் செய்யச் சொன்னார்கள்.

கெர்னலை மாற்றும் வரை ‘ஏபிடி-மார்க் ஹோல்ட்’ கொடுத்து யூடெவ், சிஸ்டம்டி இரண்டையும் புதுப்பிக்காமல் நிறுத்தி வையுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்தினால் அடுத்த தலைவலி அங்கிருந்து வரும். புதுக் கெர்னல் ஒழுங்காக பூட் ஆகிறது என்று தெரிகிறவரை பழையதை அழிக்க வேண்டாம்.