பசையை எடுக்கும் முன்: ரிப்பேர் மேசையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

மாதம் ஒரு சனிக்கிழமை, வடமேற்கு லண்டனில் ஒரு சமூகக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் மேசை போட்டு உட்காருவோம். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உடைந்த சாமானைக் கொண்டுவருவார்கள், நாங்கள் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்போம், கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வோம். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே பழக்கம்தான் இது. புதிதாக வருகிறவர்கள் செய்வதைப் பார்க்கும்போது பாதி நேரம் என் பழைய தவறுகளையே பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தூசியைத் துடைக்காமல் ஒட்டுவது, விரலோடு விரல் ஒட்டிக்கொள்வது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு தடவை செய்தால் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று எல்லாவற்றுக்கும் பசையைத் தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் 2003-ல் இந்த நாட்டுக்கு வந்தபோது கடைத்தெருவில் மேப்ளின் என்ற எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடை இருந்தது. 1972-ல் எசெக்ஸில் தபால் வியாபாரமாகத் தொடங்கி, 200-க்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்த நிறுவனம். உடைந்த பாகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கவுன்டரில் வைத்தால், அதைப் புரட்டிப் பார்த்து ஒரு இழுப்பறையைத் திறந்து அதேபோல இன்னொன்றை எடுத்து வைப்பார்கள். அதே மாதிரிக் கடையான டாண்டி அதற்கு முன்பே போய்விட்டது. 1999-ல் அந்தக் கடைகளை ஒரு செல்போன் நிறுவனம் வாங்கியது. 1933-ல் ஹல் நகரில் ரேடியோ பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தரும் தொழிலாகத் தொடங்கிய காமெட் என்ற வீட்டு மின்சாமான் கடை 2012-ல் மூடியது. மேப்ளின் 2018 பிப்ரவரி 28 அன்று திவால் நிர்வாகத்துக்குள் போனது. பவுண்டின் மதிப்பு சரிந்தது, கடன் காப்பீடு கைவிட்டுப் போனது, மக்கள் செலவைக் குறைத்தது என்று மூன்று காரணம் சொன்னார்கள். அந்த வருடம் கோடைக்குள் எல்லாக் கடைகளும் பூட்டியாயிற்று. இன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு ரெசிஸ்டர் வாங்க முடியாது, ஒரு ஸ்விட்ச் வாங்க முடியாது, ஆனால் சூப்பர் குளூ மட்டும் பவுண்டுக் கடையிலும் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். கையில் கிடைப்பதை வைத்துத்தான் மனிதர்கள் ரிப்பேர் செய்வார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லேப்டாப் கீலில் சூப்பர் குளூ

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னமும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

லேப்டாப்பைத் திறக்கும்போது ஒரு மூலையில் மட்டும் உடம்பு விரிந்து 'கிரக்' என்று சத்தம் வரும். உள்ளே பார்த்தால் விஷயம் எளிது. திரையைத் தாங்கும் இரும்புக் கீல் மூன்று நான்கு திருகுகளால் கீழ் உடம்போடு பிடித்திருக்கும். அந்தத் திருகுகள் இறங்குவது பிளாஸ்டிக் குமிழுக்குள் பதித்த, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய பித்தளை நட்டுகளில். குமிழ் உடைந்து, நட்டு திருகோடு சேர்ந்து மேலே வந்துவிடும். பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும் என்பதுதான். எனக்கும் 2011-ல் அப்படித்தான் தோன்றியது. ஒட்டினேன், முப்பது நொடியில் கல் மாதிரி பிடித்தது. ஒன்பதாம் நாள் மறுபடி விட்டது, மறுபடி ஒட்டினேன். மூன்றாவது முறை அது விட்டபோது கீல் தெறித்து மேலே வந்து திரையின் கீழ் ஓரத்தை நெம்ப, திரை குறுக்கே விரிசல் விட்டது. புதுத் திரைக்கு 120 பவுண்டு. இவ்வளவுக்கும் முதல் நாளே சரியாகச் செய்திருந்தால் ஒரு ஸ்பேனரும், இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலந்து போடும் எப்பாக்சிப் பசை கொஞ்சமும் போதும்.

நான் செய்தவை மூன்று தவறுகள். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தவை.

முதலாவது, குமிழ் ஏன் உடைந்தது என்று கேட்கவே இல்லை. பிளாஸ்டிக் சும்மா உடையாது. பல வருடத்தில் கீலின் அச்சு இறுகிப்போகிறது, திரையைத் தூக்க நாம் கொடுக்கும் விசை முழுவதும் அந்தக் குமிழ்களில் போய் விழுகிறது. கீலைக் கழற்றிக் கையால் மடக்கிப் பாருங்கள். விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது. பல கீல்களில் அச்சின் நுனியில் ஒரு நட்டு இருக்கும், அதைக் கால் சுற்று தளர்த்தி மறுபடி மடக்கிப் பாருங்கள். திரை சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், அதற்கு மேல் இறுக்கம் தேவையில்லை. நட்டு இல்லாத வகையும் உண்டு, அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு நூறு முறை மடக்கி விரித்தால் கொஞ்சம் இளகும். கீலைத் தளர்த்தாமல் எந்தப் பசையைப் போட்டாலும் அதே குமிழ் அதே இடத்தில் மறுபடி உடையும்.

இரண்டாவது, சூப்பர் குளூவின் குணம் தெரியாமல் அதைப் போட்டது. அது காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரத்தால் இறுகும் பசை. முடி அளவு இடைவெளியில், இரண்டு முகமும் அச்சாகப் பொருந்தும் இடத்தில், அதற்கு ஈடு இல்லை. உடைந்த பீங்கான் கோப்பையின் காதுக்கு அது சரி. ஆனால் இறுகியபின் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நேராக இழுத்தால் தாங்கும், ஒரு ஓரத்திலிருந்து உரித்தாலோ தட்டினாலோ தெறித்துவிடும். திரையைத் தூக்கும்போது கீல் செய்வது உரிப்பதும் தட்டுவதும்தான். இடைவெளியை நிரப்பவும் அதற்குத் தெரியாது. சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் விட்டால் கட்டியாக இறுகும் என்பது உண்மை, வானொலியின் கைப்பிடி மூலையில் அந்த வித்தையை நானே செய்வேன், ஆனால் அதுவும் கல் மாதிரி நொறுங்கும் பொருள்தான்.

மூன்றாவதுதான் பணத்தை விழுங்குவது. சூப்பர் குளூ தோற்ற இடத்தில் ஒரு மெல்லிய படலம் மிச்சம் இருக்கும். அதன்மேல் எப்பாக்சி போட்டால் எப்பாக்சி பிடிப்பது அந்தப் படலத்தை, பிளாஸ்டிக்கை அல்ல. படலம் உரிந்தால் எல்லாம் சேர்ந்து உரியும். அசிட்டோன் விட்டுக் கரைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். லேப்டாப் உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் கலந்த பிளாஸ்டிக், அசிட்டோன் அதையும் சேர்த்துக் கரைக்கும். கத்தி முனையால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை, சுரண்டும்போது உடைந்த விளிம்புகளும் போய்விடும், அப்புறம் எது எதோடு பொருந்தும் என்பதே தெரியாது. போன மாதம் ஒரு கல்லூரி மாணவன் கொண்டுவந்த லேப்டாப்பில் நான்கு முறை ஒட்டிய அடுக்குகள் இருந்தன. ஒன்றரை மணி நேரம் சுரண்டினோம். பசை திருகின் மரைக்குள்ளும் ஓடியிருந்ததால் ஒரு திருகு வரவே இல்லை, தலையை ட்ரில் செய்து எடுத்தோம். சூப்பர் குளூ தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. எங்கே சந்து இருக்கிறதோ அங்கே தானாக ஏறிப்போகும், நாம் நினைக்கும் இடத்தில் நிற்காது.

சரியாகச் செய்வது இப்படி. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கீலைத் தளர்த்துங்கள். உடைந்த குமிழையும் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தரையையும் 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். நான் கூடவே ஊசி ட்ரில்லால் நாலைந்து சின்னக் குழிகள் போடுவேன், பசைக்குப் பல் மாதிரி பிடி கிடைக்கும். திருகு மரையில் வாசலின் தடவி, நட்டுகளைத் திருகோடு கீலிலேயே மாட்டிவிடுங்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே நேர்கோட்டில் உட்காரும், பசை மரையையும் கவ்வாது. எப்பாக்சியை இரண்டு குழாயிலிருந்தும் சரிசமமாக எடுத்து ஒரு நிமிடம் முழுதாகக் கலக்குங்கள். ஐந்து நிமிட வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். குமிழைச் சுற்றி மட்டும் போடாமல் தரையிலும் அகலமாகப் பரப்புங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க அதைத் தொடாதீர்கள். எத்தனை பேர் மறுநாள் காலையிலேயே திறந்து பார்த்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

"அரால்டைட்டால் காரையே ஒட்டினார்களே" என்று ஒரு எப்பாக்சி பிராண்டைப் பற்றி வயதானவர்கள் சொல்வார்கள். உண்மைதான், 1983-ல் லண்டன் குரோம்வெல் ரோட்டில் ஒரு விளம்பரப் பலகையில் ஃபோர்டு கார்ட்டினா ஒன்றை அப்படி ஒட்டி நிறுத்தினார்கள். ஆனால் நம் குமிழுக்கு இருப்பது நகத்தின் அளவு இடம், அதுவும் தினமும் பத்து முறை நெம்பப்படும் இடம். அகலமாகப் பரப்பச் சொல்வது அதற்காகத்தான்.

பாகத்துக்குப் பதிலாகப் பசை

ஹாரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா ஒரு ரேடியோவைக் கொண்டுவந்தார். தமிழ் வானொலி கேட்பதற்காகவே வைத்திருப்பது. "தம்பி, இந்த வயர் கழண்டு கழண்டு போகுது எண்டு மகன் ஒட்டி விட்டவர். இப்ப ஒண்டுமே வேலை செய்யுதில்லை" என்றார். சார்ஜர் முனையை அதன் சாக்கெட்டுக்குள்ளேயே சூப்பர் குளூ விட்டு ஒட்டியிருந்தார் அந்த மகன். பசை உள்ளே ஓடிப்போய்த் தொடும் தகட்டின்மேல் படலமாக உட்கார்ந்துவிட்டது. காய்ந்த பசை மின்சாரத்தைக் கடத்தாது. "அன்ரி, ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தத் துண்டு மட்டும்தான்" என்று சாக்கெட்டைக் காட்டினேன். ஒரு பவுண்டுக்கும் குறைவான பொருள்.

பசை உடைந்த உடம்பைச் சேர்த்து வைக்கும். மின்சாரம் தொட்டுப் போகிற இடத்திலும், ஆடி அசைகிற இடத்திலும் அதற்கு வேலையில்லை. சாக்கெட், ஸ்விட்ச், பேட்டரி ஸ்பிரிங், வால்யூம் குமிழின் அடித்தண்டு, இவற்றை மாற்றத்தான் வேண்டும்.

கடை இல்லாததால் வரும் அடுத்த தவறு இங்கேதான் தொடங்குகிறது: அளக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடுவது. இந்த வட்ட முனைகளில் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும், உள்ளே இருக்கும் ஊசி 2.1-ஆ 2.5-ஆ என்பதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2.1 ஊசியில் 2.5 முனையைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் தளதளவென்று ஆடும், விட்டுவிட்டு வேலை செய்யும், அதைத்தான் அந்த மகன் ஒட்டியிருக்கிறார். பழைய சார்ஜர் தொலைந்து வேறொன்று வாங்கியிருக்கிறார்கள் என்பது பிறகு கேட்டதில் தெரிந்தது. கவுன்டரில் நின்றவர் கையில் வாங்கிப் பார்த்து அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். இப்போது அவர் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பத்துப் பவுண்டுக்கு ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள், அளவைத் தாளில் எழுதுங்கள், சார்ஜரின் வோல்ட்டையும் நடுஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் சின்ன வட்டப் படத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆர்டர் போடுங்கள்.

ஒட்டவே ஒட்டாத பிளாஸ்டிக்

பிளாஸ்டிக் சாமானில் பதித்திருக்கும் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்று இருந்தாலோ பிபி, பிஇ என்று இருந்தாலோ சாதாரணப் பசை எதுவும் நிற்காது. சாப்பாட்டு டப்பா மூடி, பல கெட்டில்களின் உடம்பு எல்லாம் இந்த வகை. முதலில் தடவும் ப்ரைமர் சேர்ந்த தனிப் பசை உண்டு, அதையும் நான் பாதிதான் நம்புவேன்.

வினிகர் வாசனை வரும் சிலிக்கோன்

குளியலறைச் சிலிக்கோனைச் சர்க்யூட் போர்டில் போடாதீர்கள். இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், செம்புத் தடத்தில் பச்சை பூக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பின்மூடி தூக்கிய போன்

மூடி தானாகத் திறந்திருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தி ஒட்டாதீர்கள். போனை அணைத்து, சார்ஜில் போடாமல், பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

மெயின்ஸ் வயரில் பசை, டேப், ரப்பர் பசை

கூடாது. வயரை மாற்றுங்கள்.

கேமரா லென்ஸ் பக்கத்தில் சூப்பர் குளூ

அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

திறந்த குழாயை மேசை இழுப்பறையில் போடுவது

திறந்த சூப்பர் குளூவை, மருந்துப் புட்டிகளில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு மூடி இறுக்கமான ஜாம் பாட்டிலில் நிமிர்த்தி வையுங்கள். என்னிடம் இப்போது இருப்பது போன தீபாவளிக்குத் திறந்தது, இன்னும் ஒழுகுகிறது.